ஒரு நூல் தண்ணீரை நம்பி ஓடும் கார்: ஃபோர்டு மாடல் டி-க்கு ரேடியேட்டர் செய்து மாட்டுவது எப்படி

ஃபோர்டு மாடல் டி 1908 அக்டோபர் 1 அன்று வெளிவந்தது. முதலில் செய்த ஏறக்குறைய 2,500 வண்டிகளில் தண்ணீர் பம்பு இருந்தது. அதன் பிறகு 1927 வரை செய்த ஒன்றரைக் கோடி வண்டிகளிலும் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். இதற்குத் தெர்மோசைஃபன் என்று பெயர். உலையில் அரிசி நடுவில் எழும்பி ஓரமாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான்.

பழைய மாடல் டி ஒன்றை வாங்கியவர் முதலில் மாட்டிக்கொள்வது ரேடியேட்டரில்தான். அசல் ரேடியேட்டர் அரித்துப்போயிருக்கும், அல்லது யாரோ லாரி ரேடியேட்டரின் கோரை, அதாவது தண்ணீர் ஆறும் நடுப்பகுதியை, வெட்டி உள்ளே வைத்திருப்பார்கள். புதிதாகக் கட்ட நினைப்பவர் பெரும்பாலும் பெரிய கோர், நெருக்கமான ஃபின் (சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய தகடு) என்று யோசிக்கத் தொடங்குவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது தவறான தொடக்கம். இந்த வண்டியில் தண்ணீரைத் தள்ளும் விசை எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தள்ளும் விசையைக் கணக்கிடுங்கள்

எஞ்சினிலிருந்து தண்ணீர் 95 டிகிரியில் வெளியேறி, ரேடியேட்டரில் 70 டிகிரிக்கு ஆறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 95 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 962 கிராம். 70 டிகிரியில் 978 கிராம். வித்தியாசம் வெறும் 16 கிராம். ரேடியேட்டர் கோரின் நடுப்பகுதி, எஞ்சின் வாட்டர் ஜாக்கெட்டின் (எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை) நடுப்பகுதியைவிட 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், இந்த எடை வித்தியாசம் தரும் அழுத்தம் சுமார் 3 மில்லிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம்.

3 மில்லிமீட்டர் என்றால் பட்டறைக் கணக்கில் ஒரு நூல். அந்த ஒரு நூல் தண்ணீர்தான் 11 லிட்டரையும் சுற்றிவர வைக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு நூலை வீணாக்காமல் காப்பதற்காகத்தான்.

கோவையில் எனக்கு ஈயப்பற்று வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் கணக்கெல்லாம் போட்டதில்லை. என் முதல் கோரைக் கையில் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து டியூப்களின் வழியே பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார்: "தண்ணியத் தள்ளி உட இதுல ஆளில்லீங்க தம்பி. அது தானா நடக்கோணும். வழிய அடைக்காதீங்க."

எவ்வளவு சூடு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று

மாடல் டி எஞ்சின் 2.9 லிட்டர், 20 குதிரைத்திறன். கிலோவாட்டில் 15. இப்படிப்பட்ட பழைய எஞ்சினில், சக்கரத்துக்குப் போகும் ஆற்றலுக்குக் குறையாத அளவு சூடு தண்ணீருக்கும் போகும். கொஞ்சம் கூட்டி 20 கிலோவாட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேடேறும்போது மட்டும்தான் இவ்வளவு வரும், சமதளத்தில் 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இதில் பாதிகூட வராது.

20 கிலோவாட் சூட்டை 25 டிகிரி வித்தியாசத்தில் எடுத்துச்செல்ல நிமிடத்துக்கு 11.5 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். அதாவது வண்டியில் இருக்கும் மொத்தத் தண்ணீரும் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவர வேண்டும்.

அதே சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு 30 டிகிரி ஏறுகிறது என்றால், வினாடிக்கு 0.6 கனமீட்டர் காற்று தேவை. கோரின் முகம் 45-க்கு 45 சென்டிமீட்டர் என்றால் காற்று வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஊடுருவ வேண்டும். வண்டியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கோருக்குள் போகும் என்று வைத்தால்கூட, 35 கிலோமீட்டர் வேகத்தில் அது கிடைத்துவிடும். முதல் கியரில் மெதுவாக மலை ஏறும்போதுதான் கிடைக்காது. அங்கே ஃபேன் மட்டுமே துணை.

டியூபும் ஃபின்னும்

1900-இல் வில்ஹெல்ம் மைபாக் மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்குச் செய்த தேன்கூடு ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர் சதுரமான சிறு குழாய்கள் 8,070 இருந்தன. காற்று குழாய்க்குள்ளும், தண்ணீர் குழாய்களுக்கு இடையிலான மெல்லிய இடுக்கிலும் ஓடும். அழகான வேலை. ஆனால் அந்த வண்டியில் தண்ணீரை ஓட்டப் பம்பு இருந்தது. தெர்மோசைஃபனுக்கு, ஃபோர்டு செய்ததுபோல நேராகச் செங்குத்தாக நிற்கும் வட்டக் குழாய்களும் அவற்றில் கோத்த தட்டை ஃபின்களும் போதும். வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடியதும் இதுதான்.

முதல் விதி: எல்லா டியூப்களின் உள்வாயையும் கூட்டினால், அது மேல் ஹோஸின் உள்வாய்க்குக் குறையக் கூடாது. மாடல் டி மேல் ஹோஸ் 2 அங்குலம், அதன் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். 6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு டியூபின் பரப்பு 0.28 சதுர சென்டிமீட்டர். ஆக 71 டியூப்களாவது வேண்டும். நான் நாலு வரிசை, வரிசைக்கு 20 என்று 80 வைக்கிறேன். ஒரு வரிசை டியூப் அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வருமாறு மாற்றி மாற்றி வையுங்கள். அப்போது பின்வரிசைக்கும் புதுக் காற்று படும்.

80 டியூப் சுத்தமாக இருக்கும்போது, அந்த ஒரு நூல் விசையில் பாதிகூட டியூப் உராய்வில் செலவாகாது. இப்போது டியூப் உள்ளே சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் உப்பு படிந்ததாக நினைத்துப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் வழி 4 ஆகிறது. மெதுவாக ஓடும் தண்ணீருக்கு எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் படியில் மாறும், ஆக எதிர்ப்பு ஐந்து மடங்கு. அதே அளவு தண்ணீரை ஓட்ட இரண்டு நூல் வேண்டும், இருப்பதோ ஒன்று. பம்பு உள்ள காரில் இந்த அளவு படிவை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். இங்கே கொதித்துவிடும். அதனால்தான் போர்வெல் தண்ணீரை இந்த வண்டியில் ஊற்றவே கூடாது என்கிறேன். மழைநீரைப் பிடித்து வடிகட்டி வையுங்கள், இல்லையென்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள்.

ஃபின்னுக்குச் செம்பு, டியூபுக்கும் டேங்குக்கும் பித்தளை. செம்பு பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல் சூடு கடத்தும். அது ஃபின்னில்தான் தேவை. பித்தளைக்குப் பலம் அதிகம். ஃபின் தகடு 0.1 மில்லிமீட்டர், டேங்க் 0.8 மில்லிமீட்டர் என்ற கனம் எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

அங்குலத்துக்கு எட்டு ஃபின் வையுங்கள். கோர் கால் அடிக்கும் சற்றுக் குறைவாக, 7.5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் போதும். 140 ஃபின் வரும். இரு பக்கமும் சேர்த்து அவற்றின் பரப்பு 9 சதுர மீட்டர், ஒரு பத்துக்குப் பத்து அறையின் தரை அளவு. டியூப்களின் வெளிப்பரப்பு முக்கால் சதுர மீட்டர்கூட இல்லை. சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பது ஃபின்தான். 14, 16 என்று நெருக்கி வைத்தால் பரப்பு கூடும், ஆனால் முதல் கியர் வேகத்தில் காற்று உள்ளே போகாமல் பக்கவாட்டில் வழுக்கி ஓடிவிடும். தூசியும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும்.

இதிலிருந்து பழைய ரேடியேட்டருக்கு ஒரு சோதனை கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் கட்டாயம் செய்யுங்கள். கோரின் நடுவில் ஒரு ஃபின்னை விரல் நுனியால் மெல்ல மேலே தள்ளுங்கள். அசையாமல் நின்றால் டியூபோடு ஈயம் பிடித்திருக்கிறது. டியூபின் மேல் வழுக்கினால், நூறு வருடத்தில் ஈயம் பொடியாகிப் போய்விட்டது. தண்ணீர் ஒழுகாது, ஓட்டமும் நன்றாக இருக்கும், பார்க்கப் பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பத்துக்குப் பத்து அறை முழுவதும் டியூபோடு தொடர்பில்லாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோரைக் காப்பாற்ற வழியில்லை.

ஈயப்பற்று

வேலை வரிசை முக்கியம். முதலில் டியூப்களை மேல், கீழ் ஹெடர் தகடுகளில் (டியூப் முனைகளைச் செருகும் துளையிட்ட தகடுகள்) பற்ற வைக்க வேண்டும். பிறகுதான் டேங்குகளை ஹெடரோடு சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஈயத்தைப் பயன்படுத்தினால், டேங்கைச் சூடாக்கும்போது டியூப் பற்றுகள் இளகி ஓடிவிடும். டியூபுக்கு 30 பங்கு வெள்ளீயம், 70 பங்கு காரீயம் கலந்தது. அது முழுதாக உருக 255 டிகிரி ஆகும். டேங்குக்கு 60-க்கு 40. அது 190 டிகிரியிலேயே உருகிவிடும்.

பித்தளையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளிச்சென்ற மஞ்சள் வந்த உடனே, ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவுங்கள். கைபட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி ஈயம் உருண்டு ஓடும். பற்றுக்கோலின் செம்பு முனையைச் சூடாக்கி நவச்சாரக் கட்டியில் தேய்த்தால் வெள்ளைப் புகை எழும். அப்போதே ஈயத்தைத் தொட்டால் முனை வெள்ளிபோல மின்னும். அந்த மின்னல் வராத முனையால் எந்தப் பற்றும் பிடிக்காது. டியூப் வாயில் ஈயம் ஒரு சிறு வளையமாகத் தானே இழுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். மேலே குமிழாக நின்றால் சூடு போதவில்லை. அதைத் தேய்த்து மறைக்காதீர்கள், திரும்பச் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் சோடா உப்புக் கரைசலில் உள்ளும் புறமும் கழுவுங்கள். தங்கிய ஃப்ளக்ஸ் அமிலம் ஆறு மாதத்தில் டியூபைத் தின்றுவிடும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள், காரீயம் உடம்பில் சேரும்.

மேல் டேங்கில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் வாய், தண்ணீர் மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்று அறுந்துபோகும், அதன்பின் ஒரு சொட்டும் நகராது. இரண்டாவது, மூடிக்குக் கீழே வழிவுக் குழாய் வைத்து, கோருக்குப் பின்னால் தரைவரை இறக்கிவிடுங்கள். 11 லிட்டர் தண்ணீர் சூடானால் 400 மில்லி விரியும். கழுத்துவரை ஊற்றினால் அது வழியாகத்தான் போகும், பயப்பட வேண்டாம்.

இன்றைய கார்களில் உள்ள அழுத்த மூடியை இதில் போடாதீர்கள். இந்தப் பற்றுகள் திறந்த அமைப்புக்காகச் செய்தவை.

ஒழுக்குச் சோதனை, ஓட்டச் சோதனை

கம்ப்ரஸர் காற்றை நேராகக் கொடுத்தால் தட்டையான டேங்க் பலூன்போல உப்பி மடிப்புகள் கிழியும். எளிய வழி இது: கீழ் வாயை அடையுங்கள், மேல் வாயில் ஐந்தடி நீளக் குழாயைச் செங்குத்தாக மாட்டுங்கள், மூடிக் கழுத்தையும் வழிவுக் குழாயையும் ரப்பர் அடைப்பால் இறுக்குங்கள். குழாய் உச்சிவரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் ஒரு கோடு போட்டு இரவு முழுக்க விடுங்கள். ஐந்தடித் தண்ணீரின் அழுத்தம் வண்டியில் வருவதைவிட அதிகம். காலையில் கோடு இறங்காமல் இருந்தால் தேறியது. அடியில் பழைய செய்தித்தாள் விரித்து வைத்தால் எந்த இடம் ஒழுகுகிறது என்பதும் தெரியும்.

ஓட்டச் சோதனைக்குக் கீழ் வாயைத் திறந்துவிட்டு, மேலிருந்து ஒரு வாளியைக் கவிழுங்கள். ஊற்றும் வேகத்திலேயே கீழே கொட்ட வேண்டும். மேலே தேங்கினால் எங்கோ ஈயம் டியூபுக்குள் இறங்கி அடைத்திருக்கிறது.

பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் கோருக்கு மெல்லிய கறுப்பு ஒரே ஒரு கோட். 1916 வரையிலான வண்டி என்றால் வெளியில் தெரியும் பகுதி பித்தளையாகவே பளபளக்க வேண்டும். 1917 மாடலிலிருந்துதான் கறுப்புத் தகட்டு உறை வந்தது.

சேஸியில் மாட்டுதல்

என் முதல் வேலை கெட்டுப்போனது இந்தக் கட்டத்தில்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மாடல் டி சேஸி முறுக்கிக்கொள்ளும் சேஸி. குண்டும் குழியுமான 1908 அமெரிக்க மண்சாலைகளில் நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தார்கள். ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது சட்டத்தின் இரு பக்கமும் வேறு வேறு உயரத்துக்குப் போகும். ரேடியேட்டர் அந்த இரு பக்கத்திலும் கால் வைத்து நிற்கிறது. எஞ்சினும் தன் போக்கில் அசைகிறது. நடுவில் மெல்லிய பித்தளைப் பெட்டி.

நான் ரேடியேட்டர் கால்களைச் சட்டத்தோடு பிடிக்கும் இரண்டு ஸ்டட்களின் (திருகு தண்டு) நட்டையும் முழு பலத்தில் இறுக்கினேன். ஆடாமல் கல்போல நின்றது, எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது மாதம் கீழ் டேங்கின் இடது ஓரம் மடிப்பு நெடுகப் பிளந்தது. பற்றில் குறையில்லை. சேஸியின் முறுக்கு முழுவதையும் ரேடியேட்டர் தாங்கியிருக்கிறது.

சரியான முறை இது. சட்டத்துக்கும் ரேடியேட்டர் காலுக்கும் நடுவே தோல் அல்லது ரப்பர் பட்டை. ஸ்டட் சட்டத்தின் துளை வழியாகக் கீழே இறங்கும். அடியில் ஸ்பிரிங், அதன் கீழ் வாஷர், பிறகு காசில் நட் (பின் செருகப் பள்ளம் வெட்டிய நட்). ஸ்பிரிங் சற்றே அமுங்கும் வரை மட்டும் திருகுங்கள், வளையங்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. காட்டர் பின் போட்டு இரு காலையும் விரித்துவிடுங்கள். நட்டைக் காப்பது பின்தான். ரேடியேட்டரின் தோளைப் பிடித்து ஆட்டினால் மெல்ல அசைந்து திரும்பி வர வேண்டும்.

மேலே டேஷிலிருந்து (எஞ்சினுக்குப் பின்னுள்ள பலகை) வரும் தாங்குகம்பி ரேடியேட்டரை நேராக நிற்க வைப்பதற்கு மட்டும். அதைத் திருகி ரேடியேட்டரை இழுக்கவோ தள்ளவோ கூடாது. முதலில் ரேடியேட்டரைக் கையால் நேராக நிறுத்துங்கள். பானெட்டை வைத்து, இரு பக்க இடைவெளியும் ஒன்றாக வரும்வரை பட்டைகளைக் கூட்டிக் குறையுங்கள். அந்த நிலைக்குக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்து பூட்டு நட்டைப் போடுங்கள்.

ஃபேன் இறக்கைக்கும் கோருக்கும் இடையில் ஒரு அங்குலம் விடுங்கள். கையால் ஃபேனைச் சுற்றி ஒவ்வொரு இறக்கையின் நுனியையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று வளைந்திருந்தாலும் அது மட்டும் போய் வெட்டும். இறக்கையின் ரிவெட் அருகே விரிசல் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பறக்கும் இறக்கை கோரைக் கிழித்துவிட்டுத்தான் வெளியே வரும்.

மேல் ஹோஸ் எஞ்சினிலிருந்து ரேடியேட்டர் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு திமில் இருந்தால் அங்கே காற்று தங்கும், ஒரு நூல் விசையால் அந்தக் காற்றுக்குமிழைத் தள்ள முடியாது. ஹோஸின் உள்ரப்பர் உரிந்து தொங்குகிறதா என்று விரல்விட்டுப் பாருங்கள். இரண்டு உலோக வாய்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஹோஸ்தான் அங்கே எஞ்சின் அசைவை வாங்கிக்கொள்கிறது.

முதல் ஓட்டம்

கொதித்தால் உடனே ரேடியேட்டரைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டியரிங்கின் இடது பக்கத்து லீவரைப் பாருங்கள், ஸ்பார்க் நேரத்தை மாற்றுவது அதுதான். ஸ்பார்க்கைத் தாமதமாக வைத்து ஓட்டினால் எரியும் வாயு சூட்டோடு வெளியேறி எஞ்சினைக் காய்ச்சும். கிளப்பும்போது பின்தள்ளி வைத்ததை, கிளம்பியதும் முன்னுக்குக் கொண்டுவர மறந்துவிடுவது புதியவர்கள் அத்தனை பேரும் செய்வது.

பிறகு மேல் டேங்கையும் கீழ் டேங்கையும் லேசர் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 20 முதல் 30 டிகிரி வித்தியாசம் நல்லது. மேலே கொதித்து, கீழே வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தண்ணீர் ஓடவில்லை: அடைப்பு, காற்று, அல்லது மட்டக் குறைவு. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்று வாங்கிக்கொள்ளவில்லை: ஃபின், ஃபேன், பெல்ட் பக்கம் பாருங்கள். மூடியின் மேல் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானி இருந்தால் ஓட்டும் இடத்திலிருந்தே பார்க்கலாம், ஆனால் அதன் குமிழ் தண்ணீருக்கு மேலுள்ள ஆவியின் சூட்டைத்தான் காட்டும்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் காட்டர் பின், ஹோஸ் கிளாம்ப், தாங்குகம்பி மூன்றையும் மறுபடி பாருங்கள்.

ஊட்டிக்கு எடுத்துப்போவதென்றால் ஒன்று நினைவிருக்கட்டும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் கிடைத்த ஆறு டிகிரி அவகாசம் அங்கே இருக்காது. ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் கையோடு வையுங்கள். வழியிலுள்ள பர்லியாரில் நிறுத்தும்போது வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, எஞ்சினை அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். அணைத்துவிட்டால் ஃபேன் நின்று, இரும்பில் தேங்கிய சூடு தண்ணீருக்கு ஏறி அப்போதுதான் கொதிக்கும். ஆவி அடங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். அடங்கியதும் தடித்த துணியைப் போட்டுக் கால் திருப்பு, பிறகு அரைத் திருப்பு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரைச் சிறிது சிறிதாக, மேல் ஹோஸ் வாய் மூழ்கும் வரை ஊற்றுங்கள்.